பரிசுத்த தேசப் பயணத்துக்குக் குழு சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயாமார்களுக்கும், பங்குத்தந்தையர்களுக்கும், குழுத் தலைவர்களாகப் போய்வரும் சபைப் பெரியவர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள்.

எருசலேம் பயணத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறோம். பயணத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த இடத்தையும் சுற்றிக் காட்டாதீர்கள். அந்த ஊர்ச் சபையார் நடுவே ஆராதனையில் உட்கார வையுங்கள். எருசலேமில் ஒரு அரை நாளுக்கு நிகழ்ச்சி நிரலில் எதையும் எழுதாமல் விடுங்கள். பயணங்களை ஏற்பாடு செய்து, கூடவே போய் நடத்திக்கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். இந்த இரண்டிலும் எங்கள் தொழிலுக்கு ஒரு லாபமும் கிடையாது, தெரிந்தேதான் கேட்கிறோம்.

போய்வந்தவர்கள் சபையில் சொல்லும் சாட்சியைக் கவனியுங்கள். முதல் வாரம் எல்லாரும் யோர்தான் முழுக்கையும் கலிலேயாப் படகையும் சொல்வார்கள், போட்டோவும் அவைதான். சில வருடம் கழித்து அதே ஆளிடம் பேச்சுக் கொடுத்தால் கதை வேறு பக்கம் போகும். கல்லறைக் கோவிலின் பின்பக்கத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்த எகிப்தியத் துறவி, யோப்பாவில் பக்கத்தில் முழங்காலிட்ட மலையாளத்துப் பெண், பெத்லகேமில் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் ஜெபித்த பாட்டி என்று ஆட்கள் வருவார்கள். இடங்களின் பெயர் பாதி மறந்திருக்கும், அந்த முகம் மறந்திருக்காது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோர் பிறப்பால் கிறிஸ்தவர்கள். விசுவாசமும் குடும்பமும் சாதியும் சபை அரசியலும் பின்னிப் பிணைந்து கிடக்கும். எது எதைத் தாங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாது. மொழி, நிறம், உடுப்பு, ஆராதனை முறை எதிலும் ஒட்டாத ஒருவர், யாரும் அறிமுகம் செய்து வைக்காமல், இயேசு என்ற ஒரே காரணத்துக்காக நம்மைச் சொந்தமாகப் பார்க்கும்போது, அந்தப் பின்னலில் இருந்து விசுவாசம் மட்டும் தனியே தெரிகிறது. இன்னொன்று, எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். இஸ்ரேலில் சுமார் 2 சதவீதம். மேற்குக் கரையில் அதைவிடவும் குறைவு. ‘நாம் சிறுபான்மை’ என்று ஊரில் குறைப்பட்டுக்கொள்ளும் ஆள், தன்னைவிடச் சிறிய மந்தை இத்தனை நூற்றாண்டாகக் கதவைப் பூட்டாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார். அதைப் பிரசங்கத்தால் கொடுத்துவிட முடியாது.

எதிர்பாராத சந்திப்பைத் திட்டமிட்டு நடத்த முடியாதுதான். ஆனால் அது நடக்கவே முடியாதபடி திட்டமிடலாம். இப்போது நாம் செய்வது அதைத்தான்.

நம்மூரிலிருந்து கிளம்பும் பயணங்களின் அச்சு ஏறக்குறைய ஒன்று. 10 அல்லது 11 நாள்; யோர்தான், இஸ்ரேல்–பாலஸ்தீனம், எகிப்து. அம்மானில் இறங்கி நேபோ மலை, மாதாபா, பாலம் கடந்து நாசரேத்து, கானா, கலிலேயாக் கடல், தெற்கே இறங்கி எரிகோ, சாக்கடல், எருசலேம், பெத்லகேம், கடைசியில் தாபா எல்லை வழியாக சீனாய், கெய்ரோ. எல்லைச் சோதனையில் 40 பேர் குழுவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போவது சாதாரணம். தாபாவிலிருந்து கெய்ரோ போக ஒரு பகல் பேருந்திலேயே கழிகிறது. மிச்ச நேரத்தில் நாளுக்கு ஆறேழு இடம். இதில் பக்கத்து ஆளின் பெயரைக் கேட்கக்கூட இடமில்லை.

போதாததற்குக் காதில் மாட்டும் கேட்புக் கருவி. வழிகாட்டி மெதுவாகப் பேசினாலும் 40 பேருக்கும் கேட்கும், கோவிலில் சத்தம் குறையும். அந்த வகையில் நல்ல சாதனம். ஆனால் பத்து நாளும் அதையே மாட்டித் திரிகிற ஆளுக்குப் பக்கத்தில் யார் பாடுகிறார், யார் வணக்கம் சொல்கிறார் என்று எதுவும் காதில் விழாது. விளக்கம் முடிந்ததும் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கடை. பேருந்து நிற்கும் பெரிய நினைவுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம், சில நாளில் அதற்கும் மேலே. அங்கே கிடைக்கும் கமிஷனைக் கணக்கில் வைத்துத்தான் பயணக் கட்டணம் குறைத்துக் காட்டப்படுகிறது. அதனால்தான் எதை வெட்டினாலும் கடையை மட்டும் வெட்ட மாட்டார்கள். ஒலிவ மரச் சிற்பம் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பெத்லகேம், பெத்சாகூர் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் பிழைப்பு. செதுக்குகிறவரின் பட்டறைக்கே போய் வாங்கலாம். அங்கே பேச்சும் கிடைக்கும், காசும் கைக்கு நேரே போகும்.

சந்திப்பைத் தடுக்கும் இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. குழு விசாவில் வந்தவர்களில் ஒருவர் திரும்பாமல் தங்கிவிட்டால் ஏற்பாட்டாளருக்கு அடுத்த குழுவே சிக்கலாகிவிடும். அந்தப் பயத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும், யாரையும் கண்ணைவிட்டு விலக விடாமல் ஓட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. பயம் நியாயமானதுதான். அதற்கான இடம் பயணத்துக்கு ஆள் எடுக்கும் நாள். யாரை அழைத்துப்போகிறோம் என்று சபைக்குத் தெரிந்திருந்தால் 62 வயது ஓய்வுபெற்ற டீச்சரைப் பட்டியில் அடைத்து ஓட்ட வேண்டியதில்லை.

வேதத்தில் இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டாம். எருசலேமில் பணிந்துகொண்டு திரும்பிய எத்தியோப்பிய மந்திரிக்கு காசா போகும் வழியில்தான் பிலிப்பு கிடைத்தார், எருசலேமுக்குள் அல்ல. கிலவுதியு ராயன் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியதால் கொரிந்துக்கு வந்து சேர்ந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், கூடாரத் தொழில் ஒன்றாக இருந்ததால் பவுலுக்கு அறிமுகமானார்கள். கைதியாக ரோமுக்குப் போன பவுல் புத்தேயோலியில் சகோதரரைக் கண்டு 7 நாள் தங்கினார். அப்பியுபுரத்திலும் மூன்று சத்திரத்திலும் எதிர்கொண்டு வந்தவர்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தைரியம் வந்தது என்கிறது அப்போஸ்தலர் 28. பவுலுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

இனி இடமும் நேரமும்.

திருக்கல்லறைக் கோவிலுக்கு எல்லாக் குழுவும் காலை பத்து மணிக்குமேல் வருகிறது. கல்லறைக்குள் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் வரிசை. உள்ளே ஒரு நிமிடம் ஆவதற்குள் வெளியே வரச் சொல்லும் சத்தம். அந்த நேரத்தில் யாரும் யாரையும் சந்திப்பதில்லை, முழங்கைகள்தான் சந்திக்கின்றன. விடியுமுன் வாருங்கள். கோவில் கதவு அதிகாலையிலேயே திறந்துவிடும். சாவியை ஜூதே என்ற முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கிறது, கதவைத் திறப்பது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். உள்ளே கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கப் பிரான்சிஸ்கன், ஆர்மேனியர், எகிப்தின் காப்டிக், எத்தியோப்பியர், சுரியானி என்று ஆறு சபையாருக்கு உரிமை உண்டு. யாருக்கு எந்த மூலை, எந்த விளக்கு, எந்த நேரம் என்பது 1852 இல் துருக்கி சுல்தான் இட்ட ஆணையின் அடிப்படையில் இன்றும் நடக்கிறது. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், ஜெபிக்க வந்தவர்கள்.

கல்லறை மண்டபத்தின் முன்வாசலோடு திரும்பிவிடாமல் பின்பக்கம் போங்கள். மண்டபத்தின் முதுகோடு ஒட்டிய சின்ன அறை காப்டிக் சபையுடையது. அங்கே பெரும்பாலும் ஒரு துறவி உட்கார்ந்திருப்பார். குனிந்து போனால் கல்லறையோடு சேர்ந்ததாக அவர்கள் கருதும் பாறையைத் தொடக் காட்டுவார். அதற்கு நேர் எதிரே, கரி படிந்து பழுதுபட்டுக் கிடப்பது சுரியானி சபையின் சிற்றாலயம். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே வழிபாடு நடக்கும். அதன் உள்ளே பாறையில் வெட்டிய முதலாம் நூற்றாண்டுக் கல்லறைக் குழிகள் இருக்கின்றன. அரிமத்தியா யோசேப்போடு பாரம்பரியம் அவற்றைச் சேர்த்துச் சொல்கிறது. இயேசுவின் காலத்துக் கல்லறை எப்படி இருந்தது என்று காட்ட அந்த இருட்டு அறை பளிங்கு மண்டபத்தைவிட நன்றாக உதவும். அவசரப் பயணிகள் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கோவிலின் கூரைக்கும் ஏறிப் போகலாம். தேர் எல் சுல்தான் என்ற அந்த மொட்டை மாடியில் சிறு சிறு குடிசை போன்ற அறைகளில் எத்தியோப்பியத் துறவிகள் வசிக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு சிற்றாலயங்கள் வழியாகப் படி இறங்கினால் கோவில் முற்றத்துக்கே வந்துவிடலாம். அப்போஸ்தலர் 8 ஐ அந்த மாடியில் உட்கார்ந்து வாசியுங்கள். அதே பெயருள்ள நாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கேயே நடமாடும்போது அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆர்மேனியப் பகுதியை ஒட்டி சுரியானி சபையின் பரிசுத்த மாற்கு மடம் இருக்கிறது. மாற்கின் தாயான மரியாளின் வீடு அதுதான் என்பது அவர்கள் பாரம்பரியம். கேட்டால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சுரியானியில் சொல்லியோ பாடியோ காட்டுவதுண்டு. காட்டியதும் கைதட்டிவிட்டு வராதீர்கள். அதே ஜெபத்தை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். ஒலிவ மலையில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபத்தின் தமிழ்ப் பலகையை நம்மவர்கள் தேடிப் பிடித்துப் படமெடுப்பார்கள், நல்லதுதான். ஆனால் பலகை திருப்பிப் பேசாது.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெதஸ்தா குளத்துக்குப் பக்கத்தில் சிலுவைப் போர்க் காலத்து அன்னம்மாள் ஆலயத்தில் எதிரொலி நீளமாக நிற்கும். உலகத்துக் குழுக்கள் எல்லாம் அங்கே முறை வைத்துப் பாடுகின்றன. நம் குழுக்கள் செய்யும் தவறு வேகமான பாட்டை எடுப்பது. எதிரொலியில் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூச்சலாகிவிடும். கஞ்சிராவும் கைதட்டலும் இன்னும் மோசம். எல்லா நாட்டாரும் அறிந்த மெட்டுள்ள மெதுவான பாமாலையாக இரண்டு சரணம் போதும். சரணத்துக்குச் சரணம் ஒரு மூச்சு நிறுத்துங்கள். இரண்டாம் சரணத்தில் அடுத்த குழுவில் யாராவது தங்கள் மொழியில் சேர்ந்துகொள்வார்கள். முடிந்ததும் உடனே வெளியேறாமல் அவர்கள் பாடுவதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

ஞாயிறு ஆராதனைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சி.எஸ்.ஐ. சபையாருக்கு நாப்லுஸ் சாலையில் ஆங்கிலிக்கன் பரிசுத்த ஜார்ஜ் பேராலயம் இருக்கிறது. அரபியிலும் ஆங்கிலத்திலும் ஆராதனை உண்டு. எருசலேம் பழைய நகரத்தின் யோப்பா வாசலுக்கு உள்ளே 1849 இல் பிரதிஷ்டையான கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. லுத்தரன் சபையார் 1898 இல் பிரதிஷ்டையான மீட்பர் ஆலயத்துக்குப் போகலாம், கல்லறைக் கோவிலுக்குப் பக்கத்திலேயே. கத்தோலிக்கர்கள் எந்தப் பங்கிலும் அரபித் திருப்பலியில் பங்கெடுக்கலாம். திருப்பலி அமைப்பு ஒன்றுதான் என்பதால் மொழி தெரியாமலே எங்கே இருக்கிறோம் என்பது புரியும். ஆலயத்தில் ஒரே மூலையில் 40 பேரும் குவியாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஊர்க்காரர்கள் நடுவே உட்காருங்கள். கும்பலாக உட்கார்ந்த குழுவிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள்.

கடற்கரை ஊரான யோப்பாவுக்குச் சனிக்கிழமையில் போங்கள். இஸ்ரேலில் ஞாயிறு வேலை நாள். ஓய்வு நாள் சனி. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் இந்தியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், ஆப்பிரிக்கர்கள் பலரும் அன்றுதான் ஆலயத்துக்கு வர முடியும். யோப்பாவின் அந்தோணியார் ஆலயத்தில் அவர்களுக்கான திருப்பலிகள் நடக்கின்றன. பேதுரு தங்கிய, தோல் பதனிடும் சீமோன் வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும் குழுவுக்கு, நடக்கும் தூரத்திலேயே இப்படி ஒரு சபை கூடியிருப்பது தெரிவதே இல்லை. வாரம் முழுக்க ஒரு வீட்டுக்குள் அடைந்து வேலை செய்துவிட்டு, கிடைக்கும் ஒரே விடுமுறையில் ஆலயம் வருகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்த ஆள், ஊருக்கு வந்து ‘மழை, அதனால் ஆராதனைக்கு வரவில்லை’ என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்.

பெத்லகேமில் ஒரு இரவாவது தங்குங்கள். பகல் குழுக்கள் மாலையில் எருசலேமுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகிறது. பிறப்பிடக் கோவிலின் குனிந்து நுழையும் வாசல் உயரம் 1.2 மீட்டர்தான், பகலில் அதன் முன் நெரிசல், மாலையில் காலி. ஆனால் ஞாயிறு காலையில் குகைக்குள் வழிபாடு நடப்பதால் இறங்க விட மாட்டார்கள். பல குழுக்கள் அங்கேதான் ஏமாறுகின்றன. பிரான்சிஸ்கன் சபையாரின் காசா நோவா விடுதிகள் எருசலேம், பெத்லகேம், நாசரேத்து மூன்றிலும் உண்டு. லுத்தரன், ஆங்கிலிக்கன் விடுதிகளும் எருசலேம் பழைய நகரத்துக்குள்ளேயே உண்டு. நட்சத்திர ஓட்டலைவிட வசதி குறைவு, படி அதிகம், லிப்ட் சிறியது. ஆனால் காலை உணவு மேசையில் எதிரே உட்காருவது வேறு ஊர் யாத்திரிகராக இருப்பார், பரிமாறுவது உள்ளூர்க் கிறிஸ்தவராக இருப்பார். 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு யாத்திரிகர் வரத்து விழுந்து, அந்த ஆண்டு பெத்லகேமில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே ரத்தானது. வருமானமும் வருகிற முகங்களும் ஒன்றாக நின்றுபோன ஊர் அது. ஒரு இரவுத் தங்கலுக்கு அங்கே பொருள் அதிகம். பாதுகாப்பு நிலவரத்தைக் கிளம்புமுன் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கெய்ரோவில் ஞாயிறு மாட்டவில்லை என்றால் வெள்ளிக்கிழமை பாருங்கள். அன்று அங்கே விடுமுறை என்பதால் காப்டிக் ஆலயங்கள் பலவற்றில் வழிபாடு உண்டு. மூன்று மணி நேரம் வரை போகும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டின் உட்புறம் சிறு சிலுவை பச்சை குத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். பேருந்து ஓட்டுநரிடமோ ஓட்டல் ஊழியரிடமோ கூட அது இருக்கலாம். அதைச் சுட்டிக்காட்டி, உங்கள் கழுத்துச் சிலுவையைக் காட்டினாலே போதும். அதற்குமேல் பொது இடத்தில் நீட்ட வேண்டாம்.

அரை நாளை வெறுமையாக விடுவது என்றால் அவிழ்த்துவிடுவது இல்லை. நால்வர் நால்வராகப் பிரியுங்கள். ஒவ்வொரு நால்வரிலும் இயங்கும் போன் ஒன்று, விடுதியின் முகவரி அட்டை, ஓரளவு ஆங்கிலம் பேசுகிறவர் ஒருவர். எல்லை பழைய நகரத்தின் மதில். உள்ளே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவுதான், தொலைந்தாலும் ஏதாவது ஒரு வாசலில் வந்து நிற்பார்கள். கூடும் இடம் யோப்பா வாசல், நேரம் எழுதிக் கொடுங்கள். வெள்ளி பிற்பகலாக இருந்தால் பிரான்சிஸ்கன் துறவிகள் வாராவாரம் நடத்தும் சிலுவைப் பாதையில் சேர்ந்துகொள்ளலாம். யார் வேண்டுமானாலும் கூட நடக்கலாம். கல்பாதை வழுக்கும், படிகள் நிறைய. முழங்கால் வலிக்காரர்களை ஒரே ஆலயத்தில் உட்கார வைத்துவிடுங்கள். பாவம் என்று நினைக்காதீர்கள்: ஓடுகிறவர்களைவிட உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சந்திப்பு அதிகம் வாய்க்கிறது.

கிளம்புமுன் சபையில் இரண்டு முறை கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் பெயர், ஊர், சபை, எதற்காக ஜெபிக்க வேண்டும்: இந்த நான்கையும் எளிய ஆங்கிலத்தில் சொல்லப் பழகினால் பாதி வேலை முடிந்தது. அரபியில் ஈஸ்டர் காலத்தில் ‘அல்-மஸீஹ் காம்’ என்று ஒருவர் சொன்னால் ‘ஹக்கன் காம்’ என்று பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். மேலைத் திருச்சபைக்கும் கீழைத் திருச்சபைக்கும் ஈஸ்டர் தேதி பல வருடம் வேறுபடும், கிறிஸ்துமஸுக்கு அங்கே மூன்று தேதி உண்டு. இது தெரியாமல் ஜனவரியில் போய் ‘கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டதே’ என்று சொல்லாதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லா ஆலயத்துக்கும் பொது விதி.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. அரபி பேசும் கிறிஸ்தவரைப் பார்த்து ‘உங்கள் குடும்பம் எப்போது மதம் மாறியது?’ என்று நம்மவர்கள் வெள்ளந்தியாகக் கேட்பார்கள். பெந்தெகொஸ்தே நாளில் வசனத்தைக் கேட்டவர்களில் அரபியரும் இருந்ததாக அப்போஸ்தலர் 2 சொல்கிறது. நம் நாட்டுக்குச் சுவிசேஷம் வருமுன்பே அங்கே சபை இருந்தது. அரசியலும் அப்படித்தான். தீர்க்கதரிசன வகுப்பில் கேட்ட விளக்கத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்படாதீர்கள். எல்லைச் சாவடியில் நிற்கிறவர் அவர், பேருந்தில் கடந்துபோகிறவர் நீங்கள். ‘உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் நிறையக் கிடைக்கும். யூத விசுவாசிகளைச் சந்தித்தாலும் இதே விதி.

அப்ப ரசத்தில் தடுமாற்றம் வரும். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் மற்றவர்களுக்கு நற்கருணை கொடுப்பதில்லை. வரிசையில் நின்று மறுக்கப்பட்டு, அவமானப்பட்டதாக ஊருக்கு வந்து புலம்புவதைத் தவிர்க்க இதை முன்பே சொல்லிவிடுங்கள். கீழைத் திருச்சபைகளில் ஆராதனை முடிந்ததும் ஆசீர்வதிக்கப்பட்ட அப்பத்தை வந்தவர்களுக்கும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அது நற்கருணை அல்ல, தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். பல நேரம் பக்கத்தில் இருப்பவரே தன் துண்டைப் பிய்த்து நீட்டுவார்.

துண்டுப்பிரதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறத் தூண்டுவது இஸ்ரேலில் 1977 இல் இயற்றிய சட்டப்படி குற்றம். சிறுவர்களிடம் பெற்றோர் அனுமதியின்றி மதம் மாறச் சொல்லிப் பேசுவதற்கும் தடை உண்டு. எகிப்திலும் யோர்தானிலும் விளைவு உங்களைவிட உள்ளூர்ச் சபையைத்தான் தாக்கும். அதேபோல் வேற்று மார்க்கத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்த ஒருவரைச் சந்தித்தால் படம் எடுக்காதீர்கள். எடுத்தாலும் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். பெயர், ஊர், சபை மூன்றையும் சாட்சியில் சொல்லாதீர்கள். உங்கள் சபையில் நான்கு பேர் ‘ஆமென்’ சொல்வதற்காக அங்கே ஒருவர் வேலையையும் வீட்டையும் இழக்க வேண்டாம்.

வழியில் வந்து பேசுகிறவர் எல்லாரும் ஆண்டவர் அனுப்பியவர் அல்லர். ஒலிவ மலைப் பார்வைமேடையில் ஒலிவக் கொப்பை நீட்டுகிறவர், யோப்பா வாசலில் ‘இலவசமாக வழி காட்டுகிறேன்’ என்கிறவர், கழுதையோடு படம் எடுக்க அழைக்கிறவர் எல்லாருக்கும் கடைசி வரி பணம்தான். கூட்டத்தில் பர்ஸும் போகும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு அளவுகோல்: நல்ல சந்திப்பில் அவசரம் இருக்காது. ஊர் திரும்பிய பிறகு உதவி கேட்டு வரும் செய்திகளுக்கு ஒரு விதி வையுங்கள்: தனி நபர் தனி நபருக்குப் பணம் அனுப்பக்கூடாது. கொடுக்க மனமிருந்தால் அந்தச் சபையின் காணிக்கைப் பெட்டியில் அங்கேயே போடலாம், அல்லது சபைக்குச் சபை போதகர் மூலம் விசாரித்து அனுப்பலாம்.

மனம் உடைகிற சந்திப்பும் நடக்கும். 2008 நவம்பரில் கல்லறைக் கோவிலுக்குள்ளேயே ஆர்மேனியத் துறவிகளும் கிரேக்கத் துறவிகளும் கைகலந்ததை உலகமே பார்த்தது. துறவி ஒருவர் உங்கள் ஆளைப் பார்த்துச் சள்ளென்று விழலாம். ‘பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள், இங்கே இனி யார் இருப்பார்கள்’ என்று உள்ளூர்க்காரர் சலித்துக்கொள்ளலாம். அதை மறைத்துத் தேன் தடவாதீர்கள். அன்றிரவே பேசுங்கள். எங்கள் அனுபவத்தில், ‘பரிசுத்த தேசத்தில் எல்லாரும் பரிசுத்தர்’ என்று நினைத்துப் போனவர்தான் தள்ளாடுகிறார். மனுஷர் மனுஷராக இருக்கும் இடத்திலும் ஜெபம் நிற்கவில்லை என்று கண்டவர் தள்ளாடுவதில்லை.

இரவு ஜெபத்தில் ‘இன்று யார் யாரைச் சந்தித்தீர்கள்?’ என்று வரிசையாகக் கேட்காதீர்கள். போட்டியாகிவிடும். ஒன்றும் வாய்க்காதவர் தன்னைக் குறைவாக நினைப்பார், சிலர் கற்பனையும் சேர்ப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு சின்ன நோட்டில் பெயர், சபை, என்ன பேசினோம், எதற்கு ஜெபிக்கச் சொன்னார் என்று படுக்குமுன் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் மூன்று ஊர் பார்த்தால் பெயர் போய்விடும். ஊருக்கு வந்தபின் சாட்சிக்கு மேடை கொடுக்குமுன் அந்த நோட்டை நீங்கள் ஒருமுறை வாசியுங்கள். மூன்றே வாரத்தில் துறவி தேவதூதனாக மாறிவிடுவது உண்டு. ‘கண் மூடித் திறப்பதற்குள் ஆளைக் காணோம்’ என்ற வரி நோட்டில் இல்லாமல் மேடையில் மட்டும் வந்தால் அன்போடு திருத்துங்கள். உள்ளது உள்ளபடியே போதுமானது. நோட்டில் உள்ள பெயர்களைச் சபை ஜெபக் குறிப்பில் சேர்த்து, அவர்களுடைய பண்டிகைத் தேதியில் ஒரு வாழ்த்து அனுப்புங்கள். பதில் வரும்போதுதான் அது ஒருநாள் உணர்ச்சியாக முடியாமல் ஐக்கியமாகிறது.

கடைசியாக நடைமுறை. டூர் ஆபரேட்டரிடம் கட்டணம் பேசி முடிக்குமுன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: ஞாயிறு மதியம் 12 மணி வரை பேருந்து எங்கும் போகாது, பெத்லகேமில் ஒரு இரவு, எருசலேம் பழைய நகரத்துக்குள் அல்லது நடக்கும் தூரத்தில் இரண்டு இரவு, எருசலேமில் ஒரு அரை நாள் காலி, கடை நிறுத்தம் மொத்தப் பயணத்தில் ஒன்று, யோப்பா சனிக்கிழமை. கட்டணம் கொஞ்சம் ஏறும், இரண்டு மூன்று இடம் குறையும். கானாவில் திருமண உடன்படிக்கை புதுப்பித்தலை விட மனமில்லாவிட்டால் வேறு எதையாவது வெட்டுங்கள், ஞாயிறை வெட்டாதீர்கள். எந்த ஆலயத்தில் எந்த மொழியில் எப்போது ஆராதனை என்பதை யோப்பா வாசல் அருகே பிரான்சிஸ்கன் சபையார் நடத்தும் கிறிஸ்தவத் தகவல் மையம் தொகுத்து வைத்திருக்கிறது. கத்தோலிக்கக் குழுக்கள் புனிதத் தலங்களில் திருப்பலிக்கு நேரம் பதிவு செய்வதும் அங்கேதான். பண்டிகைக் காலத்தில் இடங்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும், நேரங்களும் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் மாறும். ஆகவே விமான டிக்கெட் எடுக்குமுன் அவர்களுக்கு எழுதுங்கள். பதில் வந்த பிறகு தேதியைக் குறியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
பரிசுத்த தேசப் பயணங்களை நடத்திக்கொடுக்கும் உங்கள் ஊழியர்கள்